விசாவுக்கு வேறொன்றும் வேண்டாம்

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்த நாள். சுகந்தி ஏழரைக்கே கிளம்பிவிட்டாள். என் தங்கை, நாற்பத்துநாலு வயது, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு டப்பாவில் தக்காளிச் சாதம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். உப்பு கம்மி.

பதினொரு மணிக்கு ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஈஸ்வரமூர்த்தி வந்தான். இருபத்திரண்டு வருடம் கழித்து. தலை நரைத்து, தொப்பை விழுந்து, கையில் இரண்டு போன். அந்த அரைச் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

"சிகாமணியண்ணன்தானுங்களே?"

"ஆமாங்க. உக்காருங்க."

"எத்தியோப்பியா போகோணுங்க. அங்க ஒரு கார்மெண்ட்ஸ் பேக்டரி வெலைக்கு வருது, பாத்துட்டு வரலாம்னு. விசா பைல்னா உங்க கையிலதான் குடுக்கோணும்னு எல்லாரும் சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "சுகந்தி நல்லா இருக்குதுங்களா?"

அந்த வாயால் அந்தப் பெயரைச் சொன்னான். நான் பேனாவை மூடித் திறந்தேன். "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

2003, ஆனி மாதம். சுகந்திக்கும் இவனுக்கும் நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடித்து, மண்டபம் பேசியாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள், வேண்டாம் என்று. நேரில் வரக்கூட அவனுக்குக் கால் வரவில்லை. நிட்டிங் கம்பெனிக்காரர் ஒருவரின் பெண் கிடைத்துவிட்டது. அதே முகூர்த்தத்தில் அவளுக்குத் தாலி கட்டினான். பத்திரிகை கொடுத்த நூற்று நாற்பது வீட்டுக்கும் அப்பா மறுபடி போய், கல்யாணம் இல்லைங்க என்று சொன்னார். நான் சைக்கிளில் பின்னால் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்தார்கள். அந்தக் காபிகளை நான் இன்னும் மறக்கவில்லை. அப்பா அந்தத் தீபாவளியைப் பார்க்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

மத்தியானம் வீட்டுப் பக்கம் ஒரு போலீஸ்காரர் வந்து போனதாக எதிர்வீட்டம்மா சொன்னார். பக்கத்துக் காம்பவுண்டில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கும் வடக்கத்திக்காரர்களை விசாரிக்க வந்திருப்பார்.

ஜூன் 5, வியாழன்

இன்று ஒருவர் ஜெர்மனி விசாவுக்குப் போட்டோ கொண்டுவந்தார். பின்னால் நீலத் திரை, நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி, முகத்தில் சிரிப்பு. "வெள்ளைத் திரை வேணுங்க, சிரிக்கக் கூடாதுங்க" என்றேன். "சிரிச்சா விட மாட்டாங்களா?" என்றார். விட மாட்டார்கள். இன்னொருவர் பாஸ்போர்ட்டில் நாலு மாதம்தான் பாக்கி. ஆறு மாதம் இல்லாமல் எந்த நாட்டுக்காரனும் மதிக்க மாட்டான் என்று சொன்னால், "நான் போறதே அஞ்சு நாளைக்குத்தானுங்களே" என்று சண்டைக்கு வருகிறார்.

நம் ஊர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வெளியே போவதென்றால் கேட்டதையெல்லாம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். பாங்க் கணக்கு, வரிக் காகிதம், கல்யாணச் சான்றிதழ், திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி. இருபத்தாறு வருடமாக ஹபீப் பாயின் டிராவல்ஸில் இதைத்தான் பார்க்கிறேன். என் பைல் ஒன்றுகூட நிராகரிக்கப்பட்டதில்லை. குறை எங்கே இருக்கிறது என்று என் கண் முதலிலேயே கண்டுபிடித்துவிடும். பொய்யும் எழுத மாட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன், கேட்காததைச் சொல்ல மாட்டேன். ஆபீசர்களிடம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

சுகந்திக்கு அதன் பிறகு வந்த வரன்களையும் அப்படித்தான் பார்த்தேன். மொத்தம் 7 பேர். ஒருத்தன் போட்டோ பழையது. ஒருத்தனுடைய அம்மா சத்தமாகப் பேசினாள். ஈரோட்டுக்காரனுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. கோபிக்காரன் காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஒன்றும் தேறவில்லை. ஒருமுறை ஏமாந்த வீடு இரண்டாவது முறை ஏமாறலாமா? தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லாம் அந்த ஒருத்தனால்.

நாலு வருடத்துக்கு முன் மாலத்தீவில் டீச்சர் வேலை என்று ஏதோ சொன்னாள். விசாரிக்கிறேன் என்றேன். பாஸ்போர்ட் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தேதி முடிந்து இரண்டு வருடமாகிறது. அவளும் அப்புறம் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

எழுதும்போதே கை துறுதுறு என்கிறது.

ஈஸ்வரமூர்த்தி காகிதங்களைக் கொண்டுவந்தான். கூடவே ஒரு கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவி, தாம்பூலத் தட்டில் வைத்து, எழுந்து நின்று கொடுத்தான். மகளுக்கு ஜூலை 7, திங்கள்கிழமை கல்யாணம். "நீங்களும் சுகந்தியும் அவசியம் வரோணுங்க" என்றான். நாங்கள் அடித்த பத்திரிகை என்ன ஆயிற்று என்று இவனுக்குத் தெரியுமா? அப்பா அதைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டார்.

பயணத் தேதியைப் பார்த்தேன். ஜூன் 25 கிளம்பி ஜூலை 3 திரும்புகிறான். நாலு நாள் கழித்துக் கல்யாணம்.

அப்போதுதான் எனக்குள் ஒரு மணி அடித்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி.

எத்தியோப்பியா அந்தக் காய்ச்சல் பட்டியலில் இருக்கிற நாடு. நம்மவர்கள் அங்கே போக விசாக்காரன் ஊசிச் சான்று கேட்பதில்லை. கேட்பது நம் நாடு. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மஞ்சள் அட்டை இல்லையென்றால் பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள், ஆறு நாள். மந்திரி சிபாரிசு பண்ணினாலும் நடக்காது. ஊசியும் போட்டவுடன் செல்லாது, பத்து நாள் ஆக வேண்டும். ஆக, ஜூன் 23க்குள் போட்டால் ஜூலை 3 அன்று வீட்டுக்கு வருவான். இல்லையென்றால் மகள் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்ப்பான். தாரை வார்க்க அப்பன் இருக்க மாட்டான். மண்டபத்தில் ஒவ்வொருவரும் கேட்பார்கள், எங்கே பெண்ணுடைய அப்பா என்று. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லட்டும்.

எங்கள் ஆபீசில் நாடுவாரியாக விவரச் சீட்டு உண்டு. நானே எழுதியது. ஆப்பிரிக்கச் சீட்டில் பதினோராவது வரி ஊசி. நான் சீட்டை எடுக்கவே இல்லை.

அவனே கேட்டான். "விசாவுக்கு வேற ஏதாச்சும் வேணுங்களாண்ணா?"

"விசாவுக்கு வேற ஒண்ணும் வேண்டியதில்லைங்க."

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். "என்னுங்ணா, இன்னைக்கு முகத்துல ஒரே வெளிச்சமா இருக்குது?" என்றாள் சுகந்தி. "வெயிலு" என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

ஹபீப் பாய் என் மேஜை அருகில் வந்து நின்றார். "எத்தியோப்பியா பைல் முடிஞ்சுதா சிகாமணி? அந்த ஆளு நமக்கு வேண்டப்பட்டவரு. ஒண்ணும் விட்டுப் போயிரக் கூடாது."

"விசா வந்துருச்சுங்க பாய்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொழுகைக்குப் போனார். நல்ல மனிதர். என்னிடம் இதுவரை எந்தப் பைலையும் திருப்பிப் பார்த்ததில்லை. அதை நினைத்தால் கொஞ்சம் சங்கடம். ஆனால் அந்த நூற்று நாற்பது வீட்டுக்கு அவர் வரவில்லையே.

ஜூன் 17, செவ்வாய்

சுகந்தி நாளைக்குச் சென்னை போகிறாளாம். "ரெண்டு நாளு வேலைங்ணா. சாம்பார் வெச்சு பிரிட்ஜ்ல இருக்குது. ரசப்பொடி மேல் தட்டுல." பள்ளிக்கூடப் பயிற்சியாக இருக்கும். விடுமுறையிலும் இப்படித்தான் ஒருமுறை கோயம்புத்தூர் போனாள். சரி, ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

காலை ரயிலில் வந்துவிட்டாள். இடது கையைத் தூக்க முடியவில்லை என்கிறாள், உடம்பும் லேசாகச் சுடுகிறது. ரயில் காற்று. மாத்திரை கொடுத்தேன், பள்ளிக்கு லீவு போட்டாள். நான் ஆபீஸ் போய்விட்டேன்.

ஈஸ்வரமூர்த்தி வந்து டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனான். இரண்டு கையாலும் வாங்கினான். கதவு வரைக்கும் போய் வழியனுப்பினேன். எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியம்.

ஜூன் 23, திங்கள்

இன்றோடு கதவு சாத்தியாயிற்று. இனி அவனுக்கு யார் சொன்னாலும் பிரயோசனமில்லை. நாளைக்கு ஊசி போட்டாலும் நாலாம் தேதிதான் செல்லும். மூன்றாம் தேதி அட்டையைப் பார்த்தவுடன் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் விடுவதா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம். சாயங்காலம் கோயிலுக்குப் போய்ச் சிதறுகாய் உடைத்தேன். தேங்காய் நன்றாக உடைந்தது.

ஜூன் 25, புதன்

விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

என் போனுக்கு ஒரு பெண் பேசினாள். ஈஸ்வரமூர்த்தியின் மகள். கல்யாணப் பெண். நம்பரை அப்பா கொடுத்தாராம்.

"அங்கிள், அங்க அப்பாவுக்கு சிக்னல் கெடைக்கலீங்க. மூணாந்தேதி கட்டாயம் வந்துருவாருங்களா? நாலாந்தேதி முகூர்த்தக்கால் நடறாங்க, அப்பா இல்லீன்னா ஆகாதுங்க."

"பிளைட்டு மூணாந்தேதி வந்துரும்மா."

"தேங்க்ஸ் அங்கிள். கல்யாணத்துக்கு வந்துருங்க."

இதிலும் பொய்யில்லை. விமானம் வந்துவிடும்.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் கசப்பு. நல்லதாகப் பார்த்து வாங்கக் கூடாதா என்று சுகந்தியைச் சத்தம் போட்டேன். அவள் அதே கத்தரிக்காயைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தாள்.

ஜூலை 3, வியாழன்

இன்று. ஒரு போனும் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பத்தேகாலுக்கு ஆபீஸ் கதவு திறந்தது. ஈஸ்வரமூர்த்தி நிற்கிறான். கையில் ஸ்வீட் பெட்டி.

"முகூர்த்தக்கால் நட்டுட்டு நேரா இங்கதானுங்க வர்றேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்கண்ணா. ஊசி போட்டுருந்ததாலதான் என்னைய வெளிய விட்டாங்க. போடாம வந்த ரெண்டு பேரை அப்படியே வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போறதைக் கண்ணால பாத்தனுங்க."

"ஊசி..."

"நீங்க சொல்ல மறந்துட்டீங்கன்னு சுகந்தி இருபதாந்தேதி போன் பண்ணுச்சுங்களே! எங்கண்ணன் ஞாபகப்படுத்தச் சொன்னாருன்னு. திங்கக்கெழமைக்குள்ள போட்டாகோணும், அதுக்கு ஒரு நாளு தள்ளுனாலும் ஆகாதுன்னு விரல் விட்டுக் கணக்குப் போட்டுச் சொல்லுச்சு. எங்க போகோணும், எத்தனை மணிக்கு வரிசையில நிக்கோணும், எல்லாம். அதுவும் அப்பத்தானுங்களே சென்னையில ஊசி போட்டுட்டு வந்துருந்துச்சு." பெட்டியைத் திறந்து ஒரு மைசூர்பாகை என் கையில் வைத்தான். "உகாண்டாவுல கணக்கு டீச்சர் வேலைன்னு சொன்னப்ப எனக்கு அத்தனை சந்தோசமுங்க. நான் பண்ணுனதுக்கு அன்னைக்கு நேர்ல வந்து நிக்கத் தைரியம் இல்லீங்கண்ணா. சுகந்திகிட்ட இப்ப போன்லதான் மன்னிப்புக் கேட்டேன். என்னைக்குங்க பயணம்?"

உகாண்டா. நான் மைசூர்பாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹபீப் பாய் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஊரே சுற்றி நின்று என் பதிலுக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"தேதி இன்னும் முடிவாகலீங்க" என்றேன். என் வாழ்க்கையில் ஆபீசில் சொன்ன முதல் பொய்.

தலைவலி என்று சொல்லி மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். பீரோவின் உள்ளறையைத் திறந்தேன். சுகந்தியின் பழைய பாஸ்போர்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மூலை வெட்டப்பட்டிருந்தது. புதிது வாங்கினால்தான் பழையதின் மூலையை வெட்டித் திருப்பித் தருவார்கள். ஆயிரம் பாஸ்போர்ட்டில் பார்த்திருக்கிறேன். அந்தப் போலீஸ்காரர் வடக்கத்திக்காரர்களைத் தேடி வரவில்லை.

அதற்கடியில் இந்த நாட்குறிப்பு. அன்றன்று எழுதியதும் மூடி வைத்துவிடுவேன், பின்னால் திருப்பிப் பார்ப்பதில்லை. இன்று திருப்பினேன். ஒன்பதாம் தேதிப் பக்கத்தில், நான் அடையாளத்துக்கு வைத்த கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் ஒரு டிக். கீழே 20.6 என்று தேதி. பிள்ளைகளின் நோட்டில் போடுவதைப் போல. ஐந்தாம் தேதிப் பக்கத்தில் 7 என்ற எண்ணைச் சுழித்து, பக்கத்தில் 8 என்று எழுதியிருந்தாள்.

ஐந்து மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே என் மடியில் நோட்டைப் பார்த்துவிட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களேண்ணா."

"நான் அவனுக்கு அப்படிப் பண்ணுனது உனக்காகத்தான் அம்மிணி!"

"எனக்காகவா?" கைப்பையை ஆணியில் மாட்டினாள். குரல் உயரவே இல்லை. "அந்த ஆளை நான் அந்த வருசமே மறந்துட்டனுங்க. அவரு போய்ட்டாரு, அவ்வளவுதான். அதுக்கப்பறம் வந்த எட்டுப் பேரைத்தான் மறக்க முடியல. நீங்க ஏழுன்னு எழுதியிருக்கீங்க. கணக்குத் தப்பு, திருத்தி வெச்சேன்."

அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சினாள். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை.

எட்டாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியும். எழுதிவிடுகிறேன். 2012இல், அவளுடைய பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் குமரேசன் ஒரு சனிக்கிழமை குடையோடு எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பெண் கேட்டார். தரகர் இல்லை, பெரியவர்கள் இல்லை, தானாகவே. குறை ஒன்றும் தென்படவில்லை. தங்கைக்கு விருப்பமில்லைங்க என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யார் வந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது? எத்தனை வருடமாகத் தெரியும்? இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை.

அவளுடைய பைல் மேஜைமேல் இருந்தது. திறந்தேன். இத்தனை வருடத்தில் என்னிடம் வராத ஒரே பைல். கோயம்புத்தூரில் யாரோ ஒரு ஏஜென்ட் பார்த்திருக்கிறான். பாஸ்போர்ட்டில் பத்து வருடம் பாக்கி. வெள்ளைத் திரைப் போட்டோ, சிரிப்பில்லை. சான்றிதழ்களுக்கு அத்தாட்சி வாங்கப்பட்டிருக்கிறது. வேலை அனுமதி சரி. டிக்கெட் ஜூலை 14. ஒவ்வொரு காகிதமாகக் குறை தேடினேன். ஏன் தேடினேன் என்று எழுத வேண்டியதில்லை.

கடைசியில் மஞ்சள் அட்டை. டாக்டர் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பாஸ்போர்ட் எண் சரி. ஊசி போட்டுக்கொண்டவர் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. அது இல்லாமல் அட்டை செல்லாது. உகாண்டாக்காரன் நுழையும்போதே கேட்பான்.

பைலை மூடி, இருந்த இடத்தில் வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊறுகாயைப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பை கட்டச் சொன்னேன்.

ஜூலை 12, சனி

சொல்லவில்லை. திருப்பி அனுப்பினால் இரண்டே நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஜூலை 14, திங்கள்

ஹபீப் பாய் காரைக் கொடுத்தார். கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். அவிநாசி தாண்டியதும், காஸ் எப்போது பதிவு பண்ண வேண்டும், எந்தப் பால்காரர் தண்ணீர் கலக்க மாட்டார் என்று மட்டும் சொன்னாள். முப்பது வருடமாக ஒரே சமையலறை.

வாசலில் காவலர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கேட்டார். அவள் எடுத்தபோது மஞ்சள் அட்டையும் கூட வந்தது. வரிசையில் முன்னால் இரண்டே பேர்.

"அம்மிணி. அந்த அட்டையில நீ கையெழுத்துப் போடல. அது இல்லீன்னா செல்லாது."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் கேக்கவே இல்லீங்களேண்ணா."

"தெரியும். போடு."

பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். சிவப்பு ஆகாது என்று என் நீலப் பேனாவைக் கொடுத்தேன். பெட்டிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"சென்னையிலேயே போடச் சொன்னாங்க. நான்தான் விட்டு வெச்சேன். ஏழாந்தேதி கல்யாணத்துல இருந்து வந்தப்ப பைல் கயிறு வேற மாதிரி கட்டியிருந்துச்சு. அன்னையில இருந்து பாத்துட்டே இருந்தனுங்க, எப்ப சொல்றீங்கன்னு." பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினாள். "ஏழு நாளுங்ணா."

"நான் சொல்லாம விட்டிருந்தா?"

"உள்ள போய் நானே போட்டுருப்பேன்."

உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருமுறை நின்று, பையில் எதையோ சரிபார்த்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. என்றைக்கு வருவாய் என்று நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கூப்பிட்டுக்கொண்டே இரண்டு அடி வைத்தேன். காவலர் கையை நீட்டினார். டிக்கெட் இல்லாதவர்கள் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. விதி எனக்குத் தெரியும். நின்றுகொண்டேன்.